குடலுக்குள் எவ்வளவு மண்?

கென்யாவின் தெற்கு எல்லையில், கிளிமஞ்சாரோ மலையைப் பார்த்தபடி கிடக்கும் சமவெளி அம்போசெலி. எப்போதோ ஏரியாக இருந்து வற்றிய நிலம் என்பதால் மண்ணில் உப்பு அதிகம். வறண்ட மாதங்களில் அங்குள்ள பபூன் குரங்குகள் புல்லைத் தோண்டி, அடியில் இருக்கும் சிறு கிழங்கைத் தின்று காலம் தள்ளும். தின்னும் முன் மண்ணைத் தட்டி உதிர்க்கும்தான். ஆனாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த மிச்ச மண்ணும் கிழங்கோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகும்.

ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். அவை குரங்கின் குடலுக்குள் போய் என்ன ஆகின்றன? அங்கேயே குடியேறிவிடுகின்றனவா, செத்துப்போகின்றனவா, வந்த வழியே வெளியேறுகின்றனவா? பாலூட்டிகளின் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டத்தைத் தீர்மானிப்பது எது, அந்தப் பாலூட்டிகள் பிறந்த இனமா, வாழும் இடமா என்ற பெரிய விவாதத்தின் ஒரு முனை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்கு விடை தேட அம்போசெலியை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஜீன் ஆல்ட்மன், ஸ்டூவர்ட் ஆல்ட்மன் தம்பதி 1971-இல் தொடங்கிய பபூன் ஆய்வு இன்னும் நிற்காமல் நடக்கிறது. எந்தக் குட்டியின் தாய் எது, எது எதற்குப் பேன் பார்த்தது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியிருக்கிறது. கூடவே, உறைய வைத்த மலம். இந்தத் துறைக்கு எவ்வளவு கௌரவமான பெயர் சூட்டினாலும், அன்றாட வேலை என்னவோ விலங்கின் பின்னால் நடந்து மலம் சேகரிப்பதுதான்.

கென்யாவில் மஞ்சள் பபூன், ஆலிவ் பபூன் என்ற இரண்டு இனங்கள் சந்தித்துக் கலக்கும் ஒரு பட்டை இருக்கிறது. அம்போசெலியும் அதில் அடக்கம். லாரா க்ரைனைசன், எலிசபெத் ஆர்ச்சி முதலானோர் அந்தப் பட்டையில் வாழும் 14 பபூன் கூட்டங்களை எடுத்துக்கொண்டு, குடல் பாக்டீரியாவின் வேறுபாடு எதை ஒட்டி அமைகிறது என்று பார்த்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. குரங்குகளின் மரபணு வேறுபாட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆனால் சிறிய பங்கு. அதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு வலுவாக இருந்தது வாழிடத்து மண்ணின் தன்மை. குறிப்பாக, அந்த மண் எந்தப் புவியியல் வரலாற்றில் உருவானது, அதில் சோடியம் எவ்வளவு என்ற இரண்டும். வேறு வேறு இனமானாலும் ஒரே வகை மண்ணில் வாழும் குரங்குகளின் குடல்கள் ஒத்துப்போயின.

இதைப் படித்ததும் ‘குரங்கின் குடல் பாக்டீரியா மண்ணிலிருந்து வருகிறது’ என்று தலைப்புப் போடத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். மண்ணும் குடலும் ஒத்துப்போவது ஒன்று. மண்ணில் இருந்தது குடலுக்கு வந்தது என்பது வேறொன்று. மண்ணில் சோடியம் கூடினால் அங்கே முளைக்கும் புல்லும் செடியும் மாறும். செடி மாறினால் தீனி மாறும். தீனி மாறினால், மண் பாக்டீரியா ஒன்றுகூட உள்ளே போகாமலே குடலின் கூட்டம் மாறிவிடும். போதாததற்கு எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. ஒரு கூட்டம் வருடக்கணக்கில் ஒரே மரத்தடியில் கழிந்துகொண்டிருந்தால், அங்கே எடுக்கும் மண்ணில் குடல் பாக்டீரியா இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ‘இந்த மண்ணிலும் இருக்கிறது, இந்தக் குடலிலும் இருக்கிறது’ என்று சொல்லும் எந்த ஆய்வைப் பார்த்தாலும், யார் யாரிடம் போனார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

உண்மையில் மண்ணில் வாழும் பெரும்பான்மை பாக்டீரியாக்களுக்குக் குடல் ஆகாத இடம். முதலில் வயிற்று அமிலம். அதைத் தாண்டினால் பெருங்குடல். அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. உடலின் வெப்பம், பித்தநீர், ஏற்கெனவே இடம்பிடித்து உட்கார்ந்திருப்பவற்றின் நெரிசல் வேறு. நம் பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும். அந்தக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒன்று கால் ஊன்றுவது சுலபமல்ல. மறுபக்கம், குடலுக்கே பழகியவற்றுக்கு வெளியுலகம் விஷம். காற்றுப் பட்டாலே அவற்றில் பல செத்துவிடும்.

அப்படியானால் அவை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித்தான் போகின்றன? சிலவற்றுக்குத் தொடுகைதான் வழி. பிறப்பும் தாய்ப்பாலும் தாயின் உடலும் முதல் வாய்ப்பு. கோலா தன் குட்டிக்கு ‘பாப்’ எனப்படும், பாக்டீரியா நிறைந்த ஒருவகை மென்மையான மலத்தை ஊட்டுகிறது. யூகலிப்டஸ் இலையைச் செரிக்க வேண்டிய வயிற்றுக்கு அதுதான் சீர்வரிசை. யானைக் குட்டி தாயின் லத்தியைத் தின்னும். வளர்ந்த பிறகு பேன் பார்ப்பதும் கட்டித் தழுவுவதும் அந்த வேலையைத் தொடர்கின்றன. அம்போசெலியிலேயே இரண்டு கூட்டங்களைச் சேர்ந்த 48 பபூன்களை ஜென்னி டங் முதலானோர் ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள்: அடிக்கடி பேன் பார்த்துக்கொள்ளும் குரங்குகளின் குடல் பாக்டீரியாக்கள் அதிகம் ஒத்திருந்தன. ஒரே தீனி, ஒரே ரத்த உறவு என்று காரணம் சொல்லி அதைத் தள்ளிவிட முடியவில்லை. அப்படிப் பரவியவை பெரும்பாலும் காற்று ஆகாதவை, ஸ்போர் உருவாக்காதவை.

அந்த ஸ்போர்தான் இந்தக் கதையின் திருப்புமுனை. சில பாக்டீரியாக்கள் நிலைமை கெட்டதும் தம் மரபணுவைத் தடித்த உறைக்குள் பூட்டி, உயிர்ச் செயல்களை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். காற்று, வறட்சி, வெப்பம் எதுவும் அந்த உறையை எளிதில் ஊடுருவாது. மண்ணில் கிடந்து, ஏதோ ஒரு வாய் வழியே மீண்டும் ஒரு குடலை அடைந்ததும் பித்தநீர் பட்டு விழித்துக்கொள்ளும். இப்படிச் செய்பவை ஏதோ விதிவிலக்கு என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தில் டிரெவர் லாலியின் குழு 2016-இல் காட்டியது வேறு: ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலில் உள்ள பாக்டீரியாப் பேரினங்களில் 50 முதல் 60 சதவீதம் ஸ்போர் உருவாக்கக்கூடியவை. அவற்றுக்கு மண் நிரந்தர வீடு ஆகாது. அடுத்த வண்டி வரும்வரை ஒதுங்கியிருக்கும் சத்திரம்.

இது வெறும் ஊகமா, காட்டில் நிஜமாகவே நடக்கிறதா என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள வைத்தம் காட்டில் சோதித்தார்கள். ஆவ்ரா ராவுலோ, சாரா நோல்ஸ் ஆகியோரின் குழு அங்கே திரியும் காட்டுச் சுண்டெலிகளின் தோலுக்கடியில் மின்னணுச் சில்லு பொருத்தி, எது எங்கே போகிறது, எதோடு எது சேர்கிறது என்று தானியங்கிக் கருவிகளால் பதிவு செய்தது. அவ்வப்போது பிடித்துப் புழுக்கையையும் எடுத்துக்கொண்டது. 2024-இல் வந்த முடிவு எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் அது தனித்தனியே இடம் ஒதுக்குகிறது. ஒன்றோடொன்று பழகிய எலிகளிடம் ஒத்திருந்தவை காற்று ஆகாத பாக்டீரியாக்கள். பழகினாலும் பழகாவிட்டாலும், ஒரே நிலப்பரப்பில் நடமாடிய எலிகளிடம் ஒத்திருந்தவை காற்றைத் தாங்குபவை, ஸ்போர் உருவாக்குபவை. ஆக, ‘உறவா, இடமா’ என்று மொத்தமாகக் கேட்டதே கோணலான கேள்வி. எந்த பாக்டீரியாவைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பல லட்சம் ஆண்டுக் கணக்கிலும் இதே கோடு தெரிகிறது. மனிதர், சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியோரின் குடல் பாக்டீரியாக்களை ஆண்ட்ரூ மொல்லர் முதலானோர் 2016-இல் ஒப்பிட்டார்கள். பாக்டீராய்டேசியே, பைஃபிடோபாக்டீரியேசியே என்ற இரு குடும்பங்களில் சில கிளைகள், குரங்கினங்கள் பிரிந்தபோதெல்லாம் தாமும் சேர்ந்தே பிரிந்திருக்கின்றன. பேரன் பேத்திக்குச் சொத்து இறங்குவது மாதிரி அல்லாமல், லாக்னோஸ்பைரேசியே குடும்பமோ இனம் விட்டு இனம் தாவியிருக்கிறது. அதில் ஸ்போர் உருவாக்குபவை ஏராளம்.

அம்போசெலிக்காரர்களின் 2021-ஆம் ஆண்டுக் கட்டுரையை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 14 ஆண்டுகளில் 585 பபூன்களிடமிருந்து சேர்த்த 16,234 மாதிரிகளை வைத்து, அலசிய குடல் பாக்டீரியாப் பண்புகளில் 97 சதவீதத்தில் மரபணுவின் தாக்கம் இருக்கிறது என்றார்கள். மண்தான் எல்லாம் என்ற அதே குழுவா இது? முரண்பாடு இல்லை. மரபணுத் தாக்கம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் சிறிய அளவில். ஒரே விலங்கிடமிருந்து ஒரே ஒரு மாதிரி எடுத்தால் அது கண்ணில் படாது. வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் மேலெழும். அதுவும் மாறாத அளவு அல்ல: மழைக்காலத்தை விட வறண்ட காலத்தில் கூடுதல், வயதான குரங்குகளில் கூடுதல். 14 கூட்டங்களை ஒப்பிட்டபோது மண் முன்னால் வந்தது. ஒரே சமவெளிக்குள் நெடுநாள் பார்த்தபோது குடும்பம் தலைகாட்டியது.

தொடுகை, மண் என்ற இந்த இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டால் ஒரு பாலூட்டிக்கு என்ன ஆகும்? அதற்குச் சோதனை ஏற்கெனவே உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் ஆய்வக எலி. தலைமுறை தலைமுறையாகச் சுத்தமான கூண்டு, கிருமி நீக்கிய தீனி. மண் கிடையாது, காட்டுத் தாயும் கிடையாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய ஸ்டீஃபன் ராஸ்ஹார்ட், பார்பரா ரெஹர்மன் குழுவினர் மேரிலாந்து, வாஷிங்டன் பகுதிகளில் குதிரை லாயங்களில் திரிந்த எலிகளைப் பிடித்து, அவற்றின் குடல் பாக்டீரியாவை ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு இன்ஃப்ளூயன்சா வைரஸைச் செலுத்தினார்கள். காட்டு பாக்டீரியா பெற்றவற்றில் 92 சதவீதம் பிழைத்தன. வழக்கமான ஆய்வக எலிகளில் 17 சதவீதம்தான். அது 2017.

2019-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஆய்வக எலியின் கருவைக் காட்டுத் தாயின் கருப்பையில் வைத்து வளர்த்தார்கள். மரபணு ஆய்வக எலியுடையது, நுண்ணுயிர் காட்டுடையது. இந்தக் குட்டிகளிடம் பழைய வழக்கு ஒன்றைச் சோதித்தார்கள். 2006 மார்ச்சில் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற மருந்தை முதல்முறையாக மனிதருக்குச் செலுத்தியபோது ஆரோக்கியமான ஆறு தன்னார்வலர்கள் சில மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார்கள், பிறகு பிழைத்தார்கள். அதே வகை மருந்து முன்பு ஆய்வக எலிகளில் நோயெதிர்ப்பை அடக்கும் செல்களைப் பெருக்கி, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தது. காட்டுத் தாய்க்குப் பிறந்த எலிகளில் அந்தச் செல்கள் பெருகவில்லை. மனிதரிடம் கண்டதைப் போல அழற்சிதான் கிளம்பியது.

இதில் முழுப் புகழையும் குடல் பாக்டீரியாவுக்கே கொடுக்க முடியாது. காட்டுத் தாயிடமிருந்து அந்தக் குட்டிகள் தோல் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கியிருக்கின்றன. எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்கும் வேலை இனிமேல்தான்.