வல்லாரையும் எலிக்குட்டியின் மூளையும்

பரீட்சை நெருங்கினால் வல்லாரைக்கு மவுசு கூடிவிடுகிறது. அதை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியலாளர்கள் எலிக்குட்டிகளுக்கு வல்லாரைச் சாற்றைப் புகட்டி, மூளையின் அமிக்டலா பகுதி நரம்பணுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு நரம்பணு மற்ற அணுக்களிடமிருந்து செய்தி வாங்குவது டெண்ட்ரைட் என்னும் கிளைகள் வழியாகத்தான். உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம் ஆறு வாரம் சாறு குடித்த குட்டிகளில் அந்தக் கிளைகள் நீண்டு, புதிதாகவும் கிளைத்திருந்தன.

ஆனால் அந்த அளவைக் கவனிக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள மாணவனுக்கு அதே விகிதத்தில் தினமும் 300 மில்லிலிட்டர் சாறு தேவைப்படும். மருந்தியலார் வழக்கப்படி எலிக்கான அளவை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 50 மில்லிலிட்டர் பச்சைச் சாறு. உளுந்தோடு வதக்கி அரைத்த ஒரு கரண்டித் துவையல் அதற்கு ஈடாகாது. தவிர, சோதனைக்கு உள்ளானவை மூளை வளர்ந்துகொண்டிருக்கும் இளங்குட்டிகள். மனிதர்களிடம் நடந்த வல்லாரைச் சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில், அறிவுத்திறன் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சுறுசுறுப்பு கூடுவதற்கும் கோபம் தணிவதற்கும் மட்டும் சில அறிகுறிகள் தென்பட்டன.

அப்படியானால் செடிக்கு மூளையைத் தொடும் சக்தியே இல்லையா? இருக்கிறது. ஸ்னோடிராப் என்னும் குளிர்நாட்டுப் பூச்செடியில் உள்ள கேலன்டமைனை 1950களில் பல்கேரியாவின் டிமிதர் பாஸ்கோவ் மருந்தாக்கினார். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. 2001இல் அமெரிக்கா அதை அல்சைமர் நோய்க்கு அனுமதித்தது. ஆனால் அது பிரித்தெடுத்த ஒற்றை வேதிப்பொருள், மில்லிகிராமில் அளந்து கொடுப்பது. அதுவும் அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்குமே தவிர நோயை நிறுத்தாது. வல்லாரையைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே என்றால், அது உணவாக உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்பதற்குத்தான் சாட்சி. வல்லாரை சாப்பிடும் அதே வாரங்களில்தான் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கவும் செய்கிறது. மதிப்பெண் எதனால் ஏறியது என்று வீட்டில் யார் பிரித்துச் சொல்வது? அதைப் பிரிக்கத்தான் போலி மாத்திரையோடு ஒப்பிடும் சோதனை. நினைவாற்றலுக்கு நல்லது என்று ஜிங்கோ மர இலைக்கும் நீண்டநாள் புகழ் உண்டு. 3,069 முதியவர்களிடம் அப்படிச் சோதித்து 2008இல் வெளியிட்டபோது, மறதி நோய் குறையவில்லை என்று தெரிந்தது. நம் பக்கத்துச் செடிகளில் இவ்வகைச் சோதனையில் ஓரளவு தேறியது வல்லாரையல்ல, வயல் ஈரத்தில் படரும் நீர்ப்பிரமி. 2002இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் 40 முதல் 65 வயதுக்காரர்கள் அதை மூன்று மாதம் உட்கொண்டார்கள். படித்ததை மறக்கும் வேகம் அவர்களிடம் குறைந்தது. புதிதாகக் கற்கும் வேகம் மாறவில்லை.