இயந்திரங்களும் எமது உடல்நலமும்

எசன் நகரில் வாழும் எம்மவர்கள் பலர் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் சலவைக் கூடங்களிலும் இயந்திரங்களோடு வேலை செய்கிறார்கள். இடுப்பு வலி, தோள்மூட்டு வலி, காது இரைச்சல் என்று வைத்தியரிடம் வரும்போது, "வயது போட்டுது டொக்டர்" என்று காரணத்தையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். பல வேளைகளில் காரணம் வயதல்ல, இயந்திரம் வடிவமைக்கப்பட்ட விதம்தான்.

இதற்கான பாடம் எமது நகரிலேயே உண்டு. 1932இல் இயங்கத் தொடங்கிய சொல்வரைன் சுரங்கத்தின் 12ஆம் இலக்கக் குழியிலிருந்து நாளொன்றுக்கு 12,000 தொன் வரை நிலக்கரி மேலே வந்தது. 1986இல் மூடப்பட்ட சுரங்கம் 2001இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள். ரூர் பிரதேசச் சுரங்கங்களுக்குக் காற்றழுத்தத் துளைகருவிகள் வந்தபோது வேலை விரைவானது, ஆனால் பாறையிலிருந்து கிளம்பும் நுண்தூசும் பெருகியது. அத்தூசு நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும், அத்தழும்பு மாறுவதில்லை. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் கடுமையாக இருந்தால் அது தொழில்சார் நோய் என்று 1929இல் ஜேர்மனி அங்கீகரித்தது. பின்னர், துளைக்கும் இடத்திலேயே தண்ணீரைச் செலுத்தித் தூசை அடக்கும் கருவிகள் வந்தன.

இன்றைய இயந்திர வடிவமைப்பின் அடிப்படையும் இதுவே. முதலில் ஆபத்தையே இல்லாமற் செய்ய வேண்டும். முடியாவிட்டால் தடுப்பு அமைக்க வேண்டும். எஞ்சிய ஆபத்துக்கு மட்டுமே எச்சரிக்கைப் பலகை. இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

உங்கள் வேலைத்தலத்தில் கவனிக்க வேண்டியவை:

1. சுழலும், வெட்டும், நசுக்கும் பாகங்களைக் கை எட்டாதபடி மூடியிருக்கிறதா?

2. மஞ்சள் பின்னணியில் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் (நொட்-அவுஸ்) நின்ற இடத்திலிருந்தே எட்டுகிறதா?

3. வேலை மேசையின் உயரம் உங்களுக்குப் பொருந்துகிறதா? நாள் முழுவதும் குனிந்து நின்றால் இடுப்பும், கையை உயர்த்தி நின்றால் தோளும் பழுதாகும்.

4. சத்தம் எவ்வளவு? 80 டெசிபலைத் தாண்டினால் முதலாளி காதுக் காப்புத் தர வேண்டும். 85ஐ எட்டினால் நீங்கள் அதை அணிந்தே ஆக வேண்டும். இரைச்சலால் போன செவிப்புலன் திரும்பி வராது.

5. இயந்திரத்தைப் பாவிக்கும் முறை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லித் தரப்பட்டதா? அது முதலாளியின் கடமை. விளங்காமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

இன்னொரு விடயம். வேலை கெதியாக முடிய வேண்டும் என்று தடுப்பைக் கழற்றி வைப்பது பல இடங்களில் வழக்கம். ஜேர்மனிய விபத்துக் காப்புறுதிச் சங்கங்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலோக வேலை இயந்திரங்களில் மூன்றிலொன்றுக்கும் மேற்பட்ட தடுப்புகள் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேலைக்கு இடைஞ்சலான தடுப்பை எவரும் கழற்றத்தான் பார்ப்பார்கள். நல்ல தடுப்பு வேலையைத் தடுக்காது. உங்களுடையது தடுத்தால் கழற்றாதீர்கள், மேற்பார்வையாளரிடம் முறையிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

அப்படியும் காயம் பட்டால் மறைக்க வேண்டாம். "வேலை போய்விடும்", "நான்தானே தடுப்பைக் கழற்றினேன்", "பதிவில்லாத வேலை" என்று பயந்து, வீட்டில் விழுந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். விதியை மீறியிருந்தாலும், வேலை பதிவில்லாததாக இருந்தாலும், தொழிலாளிக்குச் சட்டப்படியான விபத்துக் காப்புறுதி உண்டு. சிகிச்சைச் செலவு மட்டுமல்ல, கை நிரந்தரமாகப் பழுதானால் ஓய்வூதியமும் கிடைக்கலாம். வீட்டில் விழுந்ததாகச் சொன்னால் அவையெல்லாம் கைவிட்டுப் போகும். ஆகவே டி-ஆர்ட்ஸ்ட் எனப்படும் விபத்து வைத்தியரிடம் சென்று, எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழுதான இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கலாம். எமது விரலுக்கும் செவிக்கும் நுரையீரலுக்கும் அப்படி வாங்க முடியாது.