முதியோரும் சிறுவரும் கூடிக் கற்கும் உணவுப் பாடம்

கிராமங்களில் விளைச்சல் பெருகியும், ஒரு குறை மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் வளர்ந்து வருகின்றது. பிள்ளைகள் பிழைப்பை நாடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் போய்விட, வயது முதிர்ந்தோர் தனியே உலை வைத்துத் தனியே உண்கின்றனர். ஒருவர் வயிற்றுக்கென்று குழம்பு கூட்டுவானேன் என்று பழஞ்சோற்றோடு நிறுத்திக் கொள்வோரும் உளர். தனிமை முதலில் உணவைக் குறைக்கின்றது. உணவுக் குறைவு பின்னர் உடலைக் கெடுக்கின்றது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது.

இம்முதியோரிடம் நமக்கு வேண்டிய செல்வம் ஒன்றுண்டு. துவரையைச் செம்மண் கட்டி உலர்த்திச் சேமிப்பதை அவர்கள் அறிவர். அறுவடையில் மழை நனைத்த வரகைச் சமைக்கலாகாது என்பதையும் அறிவர். அத்தகைய வரகில் பற்றும் பூஞ்சணம் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்னும் விஷத்தை உண்டாக்கி மயக்கம் தரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் மாண்ட 10 யானைகளின் உடலிலும் இவ்விஷமே காணப்பட்டது. இவ்வறிவைக் கேட்பாரின்றி மறைய விடுதல் ஊருக்கே நஷ்டமாகும்.

ஆகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ உணவுப் பாடம் நடத்தலாம். அதன் முறை வருமாறு:

1. ஒரு முதியவருக்கு மூன்று சிறுவர் வீதம் சேர்த்து, ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைக்க வேண்டும். பழகிய முகமே துணையாகும்.

2. மாதத்திற்கு ஒரு தானியம் போதும். முதலில் கேழ்வரகு நன்று. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம்.

3. பாடத்திற்குச் சில நாள் முன்னரே சிறுவர் அம்முதியவர் வீட்டிற்குச் சென்று, கேழ்வரகை 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளை வந்தபின் உலர்த்த வேண்டும். முதியவர் சொல்லச் சிறுவர் கையாலேயே செய்தல் அவசியம்.

4. பாடத்தன்று வறுத்து அரைத்துக் கூழ் காய்ச்சி, தெரு வேற்றுமை பாராது அனைவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். நடக்க இயலாதவரிடம் சிறுவர் உணவை எடுத்துச் சென்று, உடனமர்ந்து உண்டு வருவாராக.

முதியோரை அன்னதானத்திற்கு வருவோராக எண்ணலாகாது. ஆசிரியர் ஸ்தானத்தில் வைத்து, வெற்றிலை பாக்குடன் அழைப்பதே முறை.

செலவு அதிகமில்லை. 25 பேருக்கு 2 கிலோ கேழ்வரகு கூழுக்குப் போதுமானது. நிலமுடையோர் தானியமும், பாடத்திற்கென ஒரு சென்ட் நிலமும் ஒதுக்கலாம். தனித்து வாழ்வோரின் பெயர்களைக் கிராம நிர்வாக அலுவலர் வீடு வீடாக எழுதுவாராயின் பாதி வேலை முடிந்ததாகும். ஆடிப் பட்டத்திற்கு முன் பெயர்களை எழுதி முடித்தால், விதைப்பையே முதற் பாடமாக்கித் தொடங்கலாம்.