மலைக்குடிலும் மரமும்: கொட்டச்சேட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் நிலத்தின் வடிவையே மாற்றவல்லது உறையுள். சமவெளியில் அம்மாற்றம் எளிதில் புலப்படுவதில்லை. மலையிலோ ஒரு மழைக்காலத்திலேயே புலப்பட்டுவிடும். சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் வழியில் அமைந்த சிற்றூர் கொட்டச்சேடு. தேக்கங்காடும் காப்பித் தோட்டங்களும் சூழ்ந்த இத்தகைய இடங்களில் சிறு ஓய்வுக்குடில் அமைக்க விழைவோர் இன்று பலர். அக்குடிலை மரத்தால் அமைக்கலாமா? மரத்தை வெட்டி வீடு கட்டுவது காட்டை அழிப்பதாகாதா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லில் உறையும் மரம்

தொல்காப்பியர் மரபியலில் நிலைத்திணையை இருவகைப்படுத்துகிறார். புறத்தே வயிரமுடையது புல்; அகத்தே வயிரமுடையது மரம். இவ்வாறு நோக்கின் மூங்கில் புல்லினமேயாகும். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் மூங்கிலை மரமென வகுத்திருந்தது. 2017-இல் செய்யப்பெற்ற திருத்தமே அதனை மரப்பட்டியலினின்று நீக்கியது. நம் இலக்கணம் பன்னூறு ஆண்டுகட்கு முன்னர்க் கண்ட வேறுபாடு இது.

தேக்கு என்னும் சொல்லும் நெடும்பயணம் செய்ததாகும். தென்னிந்தியத் துறைமுகங்களில் வழங்கிய இச்சொல்லே போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அரபியர் இம்மரத்தை ‘ஸாஜ்’ என்றனர். அதனைக் கொண்டு மரக்கலங்கள் செய்தனர். கோழிக்கோட்டுக் குற்றிச்சிறையிலுள்ள மிஷ்கால் பள்ளிவாசல், அரபு வணிகர் ஒருவரால் பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்றது. அதன் மேல்தளங்கள் மரத்தாலானவை. 1510-இல் போர்த்துக்கீசியர் அதற்குத் தீயிட்டனர். எரிந்த பகுதி பின்னர் மரத்தாலேயே மீண்டும் எழுந்தது. பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றிக் கட்டடத்தைக் காக்க இயலும் என்பது மரக்கட்டுமானத்தின் தனிச்சிறப்பு.

சரிவும் சுமையும்

2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையால் ஏற்காட்டு மலைச்சாலையில் மண்சரிவுகள் நேர்ந்து போக்குவரத்துத் தடைப்பட்டது. சரிவை வெட்டிச் சமன்செய்யுமிடத்து, மண்ணைப் பற்றியிருந்த வேர்களும் அடிவாரத் தாங்கலும் ஒருங்கே நீங்குகின்றன. மழைநீர் உட்புகுந்து மண்ணின் எடை மிகுந்ததும் அது சரிகிறது.

இரும்புக்கம்பி இட்ட கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2500 கிலோ எடையுடையது. தேக்கோ ஏறத்தாழ 650 கிலோவே. எனவே மரக்குடிலைச் சில தூண்களின்மேல் நிறுத்திவிடலாம். சரிவை வெட்ட வேண்டுவதில்லை. நீரும் தன் வழியே தளத்தின்கீழ் ஓடிவிடும். எனினும், சரியும் இயல்புடைய நிலத்தில் எவ்வகைக் கட்டடமும் தகாது என்பதை மறத்தலாகாது.

எந்த மரம்?

காட்டிலுள்ள தேக்கு காண்பதற்குரியது; குடில் கட்டுவோர் வெட்டுதற்குரியதன்று. மலைப்பகுதி மரங்களைக் காக்கத் தமிழகத்தில் 1955 முதலே தனிச்சட்டம் உண்டு. சொந்தத் தோட்டத்து மரமாயினும் உரிய ஒப்புதலின்றி வெட்டுதல் கூடாது.

1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அறுப்புக்கு உரியதாகும் அம்மரம், குடிலின் உட்சுவர்ப் பலகைக்கும் கூரையின் உட்பரப்புக்கும் ஏற்றது. மழை நனைக்கும் இடத்தில் அது நில்லாது. தூணுக்கும் உத்தரத்திற்கும் அரசு கிடங்குகளில் ஏலம் விடப்படும் தேக்கையோ, பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மரத்தையோ கொள்ளலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கென வந்திறங்கிய பர்மாத் தேக்கு, காரைக்குடிக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மூங்கிற் பிளாச்சுகளை வரிந்து, மண் பூசிச் சுவர் அமைத்து, புல்லால் கூரை வேய்ந்தனர். தொலைவிலிருந்து எதனையும் கொணராத அவ்வறிவு நாம் கற்றற்குரியது.

மரம் நெடிது நிற்க

மரத்தின் பகைவர் நால்வர்: ஈரம், பூஞ்சை, கரையான், தீ. மரத்திலுள்ள ஈரப்பதம் இருபது விழுக்காட்டிற்குக் குறைந்திருப்பின் பூஞ்சை பற்றாது. எனவே நன்கு உலர்த்திய மரத்தையே கொள்ள வேண்டும். தேக்கேயாயினும் வெளிறு நீக்கி வயிரப்பகுதியையே தூணுக்குக் கொள்ளுதல் முறை. தூணை மண்ணில் புதைக்காமல் கருங்கல் பீடத்தின்மேல் நிறுத்துக. பீடத்திற்கும் தூணிற்கும் இடையே உலோகத் தகடு இடின், கரையான் மறைந்தேற இயலாது. இறவாரத்தை அகலமாக நீட்டின் சாரல் சுவரைத் தீண்டாது. சில்வர் ஓக் பலகையைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் துளைப்பூச்சி அணுகாது. அம்மருந்து மழையில் கரையுமாதலின் உட்புறத்திற்கே உகந்தது. அடுப்பறையைச் செங்கல்லால் தனித்து அமைத்தல் தீயினின்று காக்கும்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, அது காற்றினின்று ஈர்த்த கரியாகும். வீடு நிற்குமளவும் அக்கரி அதனுள் அடங்கியிருக்கும். முப்பது ஆண்டில் வளர்ந்த மரம் பத்தாண்டில் மட்கிப்போகுமாயின் அது இழப்பே. அறுபது ஆண்டு நிற்குமாயின், அதற்குள் அவ்விடத்தில் இரு தலைமுறை மரங்கள் வளர்ந்துவிடும். மரம் வளர்ந்த காலத்தினும் வீடு நிற்கும் காலம் நீள வேண்டும். வெட்டிய இடத்தில் நட்டிருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் அமையின் மரக்குடில் காட்டுக்குப் பகையன்று, அமையாவிடின் பகையே.

முடிவுரை

மரம் நடுதலை நீங்காத தருமமாகப் போற்றுவது இசுலாமிய மரபு. இயற்கை நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம். மலையில் குடில் அமைக்கும் வசதி படைத்த பெரியோர், அக்குடிலின் அளவைச் சுருக்குவாராக, கட்டுமுன் நடுவாராக. மாணவர்கள் கொட்டச்சேட்டுக்குச் சுற்றுலா செல்லுங்கால், தேக்கின் உயரத்தை வியப்பதோடு அமையாது, அம்மரம் அவ்வுயரத்தை எய்த எடுத்துக்கொண்ட ஆண்டுகளையும் எண்ணிப் பார்ப்பார்களாக. அவ்வெண்ணமே நல்ல கட்டடக்கலையின் தொடக்கமாகும்.