மூப்பறியா வீரர்கள்

சென்ற திங்கள் நம் மன்றக் கூட்டம் முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். முதலாண்டில் பயிலும் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணா, ஸ்பைடர்மேனுக்கு இப்போது என்ன வயது?” என்று வினவினார். சுற்றி நின்றோர் நகைத்தனர், நானும் நகைத்தேன். ஆனால் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை.

ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கர் 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு இதழில் முதன்முதலாகத் தோன்றியபோது 15 வயதுப் பள்ளி மாணவர். கணக்குப்படி இன்று அவர் எழுபத்தைந்தைக் கடந்த கிழவராக இருத்தல் வேண்டும். அவரோ இன்றும் இளைஞராகவே கட்டடத்திற்குக் கட்டடம் தாவுகின்றார். பன்னிரண்டு வயதில் நான் அவர் கதையைப் படித்தபோது அவர் எனக்கு அண்ணன். இன்று எனக்கு வயது 23. ஏறக்குறைய ஒத்த வயதினராகிவிட்டோம். இன்னும் பத்தாண்டு சென்றால் அவர் எனக்குத் தம்பி. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? சற்றே ஆராய்வோம்.

முடிவில்லாக் கதை

நாவலாசிரியர் தம் கதைத் தலைவனுக்கு மணம் முடித்துவைக்கலாம், நரைக்கச் செய்யலாம், இறக்கவும் விடலாம். காமிக்ஸ் என்று நாம் வழங்கும் படக்கதையோ திங்கள்தோறும் வந்துகொண்டே இருப்பது. எழுதுவோர் மாறுவர், வரைவோர் மாறுவர், வீரர் மட்டும் மாறுதல் கூடாது. பதிப்பகத்திற்கு அவர் ஒரு விளைநிலம். விளையும் நிலத்தைக் கைவிட எவர் இசைவர்?

இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1962-இல் சூப்பர்மேனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவன் ஒரு செயலைச் செய்து முடிக்குந்தோறும் சாவை நோக்கி ஓரடி வைக்கின்றான். சூப்பர்மேன் அந்த அடியை வைத்தலாகாது. ஆகவே அவர் கதைகள் முன்பின் தெளிவில்லாத ஒரு கனவுக் காலத்தில் நிகழ்கின்றன என்பது அவர் கருத்து. 1938-இல் பிறந்த சூப்பர்மேனுக்கும், 1939-இல் பிறந்த பேட்மேனுக்கும் தொடக்கத்தில் அம்முறையே போதியதாயிற்று. ஒரு கதையில் நிகழ்ந்ததை அடுத்த கதை பெரும்பாலும் நினைப்பதில்லை. படித்த சிறுவர்களும் வளர்ந்து வேறு நூல்களுக்குச் சென்றுவிடுவர். கணக்குக் கேட்பார் இலர்.

நகரும் தொடக்கம்

1961-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்னும் இதழைத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த மார்வெல் கதைகளில் நேற்று நடந்தது இன்றும் நினைக்கப்பட்டது. வீரர்கள் மணந்தனர், மக்களைப் பெற்றனர். பீட்டர் பார்க்கரும் 1965-இல் பள்ளிப் படிப்பை முடித்து, அவ்வாண்டே கல்லூரி புகுந்தார். அதுவரை காலம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் கல்லூரிப் படிப்பை அவர் முடித்ததோ 1978-இல்! அப்போதும் உடற்பயிற்சிப் பாடம் ஒன்று குறைந்தமையால் பட்டம் கைக்கு வரவில்லை. ‘அரியர்’ வைத்திருக்கும் நம் நண்பர்கள் இச்செய்தியால் ஆறுதல் பெறுவார்களாக.

பள்ளிக்கு மூன்றாண்டும் கல்லூரிக்குப் பதின்மூன்றாண்டும் ஆனது ஏன்? காலம் இடையில் மெலிந்துவிட்டது. அறிவியல் மாணவனாகிய நான் இதனை ஒரு வரைபடமாகக் காண்கின்றேன். நாம் வரைபடம் வரையும்போது தொடக்கப் புள்ளியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு முன்னே செல்கின்றோம். மார்வெல் செய்வது இதற்கு மாறானது. அவர்கள் நிறுத்திவைப்பது ‘இன்று’ என்னும் புள்ளியை. இன்றிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு பின்னே சென்றால் அங்கே வீரர்களின் முதல் நாள் இருக்கும். ஆண்டு ஒன்று கழிந்தால் அம்முதல் நாளும் ஓராண்டு முன்னே நகர்ந்துவரும்.

எளிமைக்காக இடைவெளியைப் பத்தாண்டு எனக் கொள்வோம். 1972-இல் பத்தாண்டுக் கதைகள் பத்தாண்டுக்குள் அடங்கும். 2002-இல் நாற்பதாண்டுக் கதைகள் அதே பத்தாண்டுக்குள் புக வேண்டும், நான்குக்கு ஒன்று. 2022-இலோ ஆறுக்கு ஒன்று. இதழ்களில் கொண்டாடப்பட்ட அறுபது கிறிஸ்துமஸ் நாள்களும் பத்துக்குள் ஒடுங்க வேண்டும். 1968-இல் பிறந்த ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ் என்னும் குழந்தை, தன்னோடு பிறந்த வாசகர்கள் பேரன் எடுத்த பின்னும் சிறுவனாகவே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆணியடித்த ஆண்டுகள்

மனிதனின் வயதை நிறுத்தலாம். உலக நிகழ்ச்சிகளை நிறுத்த இயலாது. இவ்விடத்திலேதான் சிக்கல் எழுகின்றது. அயர்ன் மேனாகிய டோனி ஸ்டார்க் 1963-இல் தோன்றியபோது, வியட்நாமில் காயமுற்றுச் சிறைப்பட்டதாகக் கதை. நாற்பதாண்டு கழிந்த பின் அவரை இளைஞர் என்று எப்படிச் சொல்வது? ஆகவே பின்வந்தோர் அந்நிகழ்ச்சியை ஆப்கானிஸ்தானத்திற்கு மாற்றினர். அதுவும் பழையதாகும் அன்றோ? இறுதியில் 2019-இல் வெளிவந்த மார்வெல் வரலாற்று நூலில், சியான்காங் என்னும் கற்பனை நாட்டில் நடந்த போராக அதனை ஆக்கிவிட்டனர். நடவாத போருக்கு ஆண்டு ஏது?

கேப்டன் அமெரிக்காவின் நிலை வேறு. 1941-இல் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போரை விட்டு நீங்க இயலாதவர். 1964-இல் ஓர் இதழ், அவர் பனியில் உறைந்து கிடந்து மீட்கப்பட்டதாகச் சொல்லிற்று. அன்று அவ்வுறக்கம் இருபதாண்டுக்கும் குறைவு. இன்றோ அறுபதாண்டுக்கும் மிகுதி. தொடக்கம் நகர நகர உறக்கம் நீளுகின்றது. கதையில் ஓரெழுத்தும் மாற வேண்டுவதில்லை. இஃது எண்ணிச் செய்த ஏற்பாடு அன்றாயினும், இவற்றுள் மிக நேர்த்தியானது இதுவே என்பேன்.

மேக்னீட்டோ நாஜிகளின் வதைமுகாமிலிருந்து தப்பியவர். அப்பேரழிவைக் கற்பனை நாட்டிற்கு மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. 1974-இல் அவரைக் கைக்குழந்தையாக்கி, பின்னர் மீண்டும் ஆளாக்கிய ஒரு விந்தைக் கதையே அவருடைய இளமைக்குக் காரணமாக நிற்கின்றது.

அழித்து எழுதுதல்

டி.சி. பதிப்பகத்தார் வேறு வழி சென்றனர். பழைய வீரர்கள் இன்னோர் உலகில் மூப்படைந்து வாழ்வதாக 1961-இல் ஒரு கதை வெளியிட்டனர். உலகங்கள் பெருகிக் குழப்பம் மிகவே, 1985-இல் தொடங்கிய பன்னிரண்டு இதழ்களில் அனைத்தையும் அழித்து ஒன்றாக்கினர். 2011-இல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, வீரர்கள் தோன்றி ஐந்தாண்டுதான் ஆயிற்று என்றனர். “அவ்வைந்தாண்டுக்குள் நான்கு ராபின்கள் எப்படி வந்தனர்?” என்று வாசகர் கேட்டனர். கேள்வி நேரியதே. 1940-இல் சிறுவனாக வந்த முதல் ராபின் 1969-இல் கல்லூரிக்குச் சென்றுவிட்டார். பின்வந்த சிறுவரும் வளர்ந்தனர். வளர்த்த பேட்மேனுக்கு மட்டும் நரை விழவில்லை.

காலத்தோடு நடப்போரும் உளர். எரிக் லார்சன் 1992 முதல் நடத்தும் ‘சேவேஜ் டிராகன்’ கதையில் ஆண்டுக்கு ஆண்டு வயதேறும். தந்தையின் இடத்திற்கு மகன் வந்துவிட்டான். என் தந்தையார் சிறுவயதில் இந்திரஜால் காமிக்ஸில் படித்த வேதாளரும், தந்தைக்குப் பின் மகன் எனத் தலைமுறையாக முகமூடி அணிபவர். ஆயினும் அந்த இருபத்தொன்றாம் வேதாளர், 1936 முதல் அந்த முகமூடியை மகனிடம் ஒப்படையாமலேயே இருக்கின்றார்!

மூப்படையாமைக்கு ஒரு விலையுண்டு. 1987-இல் பீட்டருக்கு மணமாயிற்று. மணமானவர் முதிர்ந்தவராகத் தோன்றுகின்றார் என்று கருதி, 2007-இல் அம்மணம் நடவாததாகவே ஆக்கப்பட்டது. இருபதாண்டு வாழ்வு ஒரு கதையில் அழிந்தது. இளமையைக் காக்க, வாழ்ந்ததை இழந்தார்.

இதனை எழுதும்போது என் மனத்துள்ளும் இத்தகைய நகரும் தொடக்கம் ஒன்று இருப்பதைக் கண்டேன். ஊரை விட்டு இவ்வடபுலத்திற்கு வந்து ஐந்தாண்டு ஆகின்றது. அம்மாவை நினைக்குந்தோறும், என்னை ரயிலேற்றிவிட்ட அன்றைய அம்மாவே தோன்றுகின்றார். சென்ற கோடையில் மாடிப்படியின் நடுவே நின்று மூச்சு வாங்கியவர் அவரல்லர். “எப்போதிருந்து இப்படி?” என்று கேட்டேன். “அது ரெண்டு வருஷமா இருக்கு, நீ பாக்கலை” என்றார். தொலைபேசியில் வாரந்தோறும் பேசியும் நான் அறியவில்லை.

அத்தம்பிக்கு என் விடை இது: ஸ்பைடர்மேனுக்கு எழுபத்தைந்துக்கு மேல், அதைச் சொல்லாமலிருக்கப் பலர் ஊதியம் பெறுகின்றனர். நம் வீட்டாருக்கு அத்தகைய எழுத்தாளர் எவரும் இலர். பொங்கலுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்துவிடுங்கள்.