குரலை விற்றல்

எங்கள் தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் வார இறுதிகளில் தமிழ் வானொலி ஒன்றில் விளம்பரம் வாசிக்கிறார். நகைக்கடை, புடைவைக்கடை, வீடு விற்பனை, மரண அறிவித்தல் எல்லாம் அவருடைய குரலில்தான் வரும். காசு கிடையாது; சமூக சேவை என்று சொல்லியிருக்கிறார்கள். அண்மையில் இடைவேளையின்போது, "சேர், இதையே தொழிலாச் செய்து பிழைக்கலாமோ?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. விளம்பரம் என்றதும் முகம் சுளிப்பது எங்களைப் போன்ற படித்தவர்களின் பழக்கம். தேடிப் படித்த பிறகு, அவர் கேட்டது உழைப்பைப் பற்றிய அடிப்படைக் கேள்வி என்று தெரிந்தது.

விளம்பரக் குரல் எமக்குப் புதியதல்ல. இலங்கை வானொலித் தமிழ் வர்த்தக சேவையின் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தமிழ்நாட்டிலும் விரும்பிக் கேட்டார்கள். ஆனால் அங்கே குரலோடு ஒரு பெயரும் சேர்ந்தே வந்தது. இன்றைய விளம்பரக் குரல் தொழிலில் பெயர் இல்லை. குரல் மட்டுமே சந்தைக்குப் போகிறது.

இத்தொழிலுக்குச் சந்தையும் தொழிற்சங்கமும் நன்கு வளர்ந்த இடம் அமெரிக்கா. ஆகவே அங்கிருந்து பார்ப்போம். குரல் கலைஞர் முதலில் ஒன்று அல்லது ஒன்றரை நிமிட மாதிரி ஒலிப்பதிவைத் தயாரித்து முகவர்களுக்குக் கொடுக்கிறார். முகவர் மூலம் குரல் தேர்வுக்கு அழைப்பு வரும். பல தேர்வுகளுக்கு ஒரு வேலை கிடைத்தால் நல்லது. 30 வினாடி விளம்பரமொன்றில் ஏறத்தாழ 75 சொற்கள் அடங்கும். அவற்றை மேடைப் பேச்சுப்போல் முழங்காமல், எதிரே இருக்கும் ஒருவருடன் கதைப்பதுபோல் வாசிக்க வேண்டும். இதற்குக் கம்பீரமான குரலை விட, எழுதியதை விளங்கி வாசிக்கும் திறனே முக்கியம். இப்போது பலர் கலையகத்துக்குப் போகாமல், வீட்டு உடுப்பு அலுமாரிக்குள் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்கிறார்கள். தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடுகின்றன.

ஊதியம் இரண்டு வகைப்படும். ஒன்று, பதிவு செய்த நேரத்துக்கான கட்டணம். மற்றது, அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புவதற்கான கொடுப்பனவு. சங்க ஒப்பந்தங்களில் இது 13 வாரத் தவணைகளாகக் கணக்கிடப்படுகிறது. இந்த உரிமை தானாக வந்ததல்ல. அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்த பிறகே 1953இல் விளம்பரங்களுக்கான முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு தடவை மொத்தப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் முறையை விளம்பரதாரர்கள் 2000இல் புகுத்த முயன்றபோது, நடிகர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்து அதைத் தடுத்தார்கள். சங்கத்துக்கு வெளியே அந்த மொத்த விலை முறை சாதாரணமாக நடக்கிறது.

கொடுப்பனவு ஏன் இவ்வளவு முக்கியம்? தொழிலாளி தன் உழைப்புச் சக்தியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே விற்கிறான்; ஒரேயடியாக விற்றால் அவன் தன்னையே விற்றவனாகிவிடுவான் என்ற கருத்தை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் சொல்கிறார். காலை வேலை முடிந்ததும் என் கைகளை நான் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். குரல் கலைஞர் வீடு திரும்பிய பிறகும் அவர் குரல் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்தக் குரல் யாருக்குச் சொந்தம்? பாடகி பெற் மிட்லர் ஃபோர்ட் கார் விளம்பரத்துக்குப் பாட மறுத்தார். அவருடைய முன்னாள் பின்னணிப் பாடகி ஒருவரை அவரைப் போலவே பாடவைத்தார்கள். 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்லருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 4 இலட்சம் டொலர் நட்டஈடு கிடைத்தது. 1992இல் ரொம் வெயிட்ஸ் என்ற பாடகரும் இவ்வாறே வென்றார். ஆனால் இத்தீர்ப்புகள் காப்பாற்றியது பரவலாக அறியப்பட்ட குரல்களை. பெயர் தெரியாதவரின் நிலை வேறு.

சூசன் பெனற் 2005 யூலையில் ஒரு மாதம் நாளுக்குச் சுமார் நான்கு மணி நேரம் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தார். பொருளற்ற வாக்கியங்களும் அவற்றில் இருந்தன; ஒலிச் சேர்க்கைகளை வெட்டி எடுப்பதற்காக அவை எழுதப்பட்டவை. 2011இல் ஆப்பிள் தொலைபேசியின் 'சிரி' பேசியபோது, சக கலைஞர் ஒருவர் சொல்லித்தான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரியவந்தது. பதிவு செய்த மணித்தியாலங்களுக்கான கூலியே அவருக்குக் கிடைத்திருந்தது. கனடாவைச் சேர்ந்த பெவ் ஸ்ராண்டிங், மொழிபெயர்ப்புத் தேவைக்கென்று பதிவு செய்த தன் குரலை டிக்ரொக்கில் கேட்டு 2021இல் வழக்குத் தொடர்ந்தார். அவ்வருடமே அது சமரசமாக முடிந்தது.

இன்று செயற்கை நுண்ணறிவுக்குச் சில நிமிட ஒலிப்பதிவே போதும். வாசிக்காத சொற்களையும் அது உங்கள் குரலில் வாசித்துவிடும். அப்போது உங்களுடைய அடுத்த வேலைக்கு உங்கள் குரலே போட்டியாக வரும். குரலைச் செயற்கையாகப் போலிசெய்வதற்கு எதிராக அமெரிக்காவின் ரென்னஸி மாநிலம் 2024இல் 'எல்விஸ் சட்டம்' கொண்டுவந்தது. சட்டம் நுழையாத இடங்களில் ஒப்பந்தத் தாள்தான் பாதுகாப்பு.

எனவே தம்பிக்குச் சொன்னேன்: பழகுங்கள், தொழிலாகச் செய்யுங்கள். ஆனால் ஒலிவாங்கிக்கு முன் நிற்குமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தப் பதிவு எங்கே பயன்படும்? எவ்வளவு காலத்துக்கு? இதைக்கொண்டு இயந்திரக் குரல் செய்வீர்களா?

அவர் சிரித்தார். "எங்கட வானொலியில் இதைக் கேட்டால், நாளைக்கு வேறு ஆளை வைப்பினம் சேர்" என்றார். விளம்பரதாரரிடம் பணம் வாங்கும் வானொலி, வாசித்தவரிடம் மட்டும் சேவையை எதிர்பார்க்கிறது. இந்தப் பக்கங்களில் உழைப்புச் சுரண்டல் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். விளம்பரத்தைப் பழிப்பது எளிது. அதை வாசிப்பவரின் கூலியைப் பற்றிப் பேசுவதற்கு, முதலில் அவரை ஒரு தொழிலாளியாக நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.