வளாக வலையமைப்பில் மின்சிக்கனம்: நிலைமாற்றிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பல்கலைக்கழக வளாகத்தில் இரவானதும் விரிவுரை மண்டபங்களின் விளக்குகள் அணைகின்றன, குளிரூட்டிகள் ஓய்கின்றன. எனினும், ஒவ்வொரு மாடியின் தொடர்பு அறையிலும் ஒரு கருவி ஆண்டின் 8,760 மணி நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கிறது. கணினிகளையும் வைஃபை கருவிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் வலையமைப்பில் இணைக்கும் சுவிட்ச்தான் அது. விளக்குச் சுவிட்சிலிருந்து வேறுபடுத்தும் பொருட்டு, அதனை இங்கு 'நிலைமாற்றி' என வழங்குவோம்.

ஒரு வளாகத்திற்கு 100 நிலைமாற்றிகள் தேவை என்று கொள்வோம். சந்தையில் உள்ள இரு வகைகளுள் ஒன்று 60 வாட், மற்றொன்று 40 வாட் மின்சாரம் கொள்கிறது. 20 வாட் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 100 கருவிகளுக்கு அஃது ஆண்டுக்கு 17,520 யூனிட். கருவி கொள்ளும் மின்சாரம் வெப்பமாகிறது. நம் வெப்பமண்டல நாட்டில் அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் உழைக்க வேண்டும். அதற்கென மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் 23,360 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 30 காசு எனக் கொண்டால், ஏழாண்டுகளில் ஏறத்தாழ 49,000 வெள்ளி. அதாவது, சிக்கனமான கருவி ஒன்றுக்கு 490 வெள்ளி வரை கூடுதல் விலை கொடுத்தாலும் நட்டமில்லை.

அடுத்துக் கவனிக்கத்தக்கது, வலையமைப்புக் கம்பி வழியாகவே மின்சாரமும் அனுப்பும் முறை. இதற்கான தரநிலை 2003ஆம் ஆண்டில் ஓர் இணைப்புத் துளைக்கு 15.4 வாட் என வகுத்தது. 2009இல் அது 30 வாட்டாகவும், 2018இல் 90 வாட்டாகவும் உயர்ந்தது. 48 துளைகளிலும் 30 வாட் வேண்டுமெனக் கேட்டால், 1,440 வாட் வழங்கும் மின்வழங்கியை வாங்க நேரிடும். மேசைக் கணினிகளோ கம்பிவழி மின்சாரத்தை நாடுவதில்லை. பெரிய மின்வழங்கி சிறு சுமையில் இயங்கும்போது அதன் செயல்திறன் குறைந்து, மின்சாரம் வீணாகிறது. மாறாக, அளவைக் குறைத்து மதிப்பிட்டால், சுமை மிகும் வேளையில் சில துளைகளுக்கு மின்சாரம் நின்றுவிடும். கேமராவோ அவசரத் தொலைபேசியோ செயலிழக்கும். ஆகவே, மாடிதோறும் கருவிகளை எண்ணி, வளர்ச்சிக்குச் சிறிது இடம்விட்டு முடிவெடுப்பதே முறை.

மூன்றாவது, 2010இல் ஏற்கப்பட்ட 802.3ஏஇசட் என்னும் தரநிலை. தரவு ஏதும் செல்லாத இடைவெளியில் இணைப்பை இது துயிலச் செய்கிறது. தரவு வந்ததும் மைக்ரோவினாடிக் கணக்கில் எழுப்பிவிடுகிறது. பயனர் இத்தாமதத்தை உணர்வதில்லை. ஆனால் கம்பியின் இரு முனைக் கருவிகளும் இத்தரநிலையை ஏற்றிருந்தால்தான் பயன் கிட்டும். விலைப்பட்டியலில் அதன் பெயர் இருப்பது மட்டும் போதாது. கருவியை நிறுவும்போது அவ்வசதி இயக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

நிர்வாகத்தாலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். பாதி காலியாயுள்ள இரு நிலைமாற்றிகளின் இணைப்புகளை ஒன்றில் சேர்த்து, மற்றதை நிறுத்திவிடலாம். விரிவுரை மண்டபத்து வைஃபை கருவிகளுக்கு நள்ளிரவுக்குப் பின் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி நேர அட்டவணை அமைக்கலாம். கதவுப் பூட்டு, கேமரா, அவசரத் தொலைபேசி ஆகியவற்றை மட்டும் அவ்வட்டவணையில் ஒருபோதும் சேர்த்தலாகாது.

இவையனைத்தும் ஏலக்குத்தகை ஆவணத்தில் இடம்பெற்றால்தான் நடைமுறைக்கு வரும். கருவியின் முதுகில் பொறித்துள்ள உச்ச அளவைக் கொண்டு ஒப்பிடுதல் பயன் தராது. அது மின்வழங்கியின் எல்லையேயன்றி அன்றாடச் செலவன்று. தரவின்றி இருக்கும்போதும், குறைந்த சுமையிலும், முழுச் சுமையிலும் அளந்த வாட் கணக்கை விற்பனையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். வாங்கும் விலையோடு ஏழாண்டு மின்கட்டணத்தையும் கூட்டி ஒப்பிட வேண்டும்.

பல நிறுவனங்களில் கருவியை வாங்கும் பிரிவு வேறு, மின்கட்டணம் செலுத்தும் பிரிவு வேறு. வாங்குபவர் மிச்சப்படுத்திய தொகையை மற்றவர் ஆண்டுதோறும் கட்டணமாகச் செலுத்துகிறார். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைப்பதால், வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் கரிமப் புகையாக மாறுகிறது. இவ்விரு பிரிவினரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கணக்கைப் பார்ப்பதே மின்சிக்கனத்தின் முதற்படி என்போம்.